படுக்கும் வலையும் காக்கும் வலையும்

சென்ற மாதம் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு மடல் வந்தது. அவர் விலங்கியல் படித்தவர்; பகுதி ஒன்று தமிழுக்காக இரண்டாண்டுகள் நம் வகுப்பில் அமர்ந்தவர். இப்போது வடகிழக்கு மாநிலங்களின் மழைக்காடுகளில் தவளைகளைத் தேடி அலைகிறார். களப்பணிக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதுகிறாராம். காட்டில் இரு மரங்களுக்கிடையே கட்டிப் படுக்கும் 'ஹேமக்' இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒன்றில் கொசுவலை படுக்கையோடே சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். மற்றதில் படுக்கை தனி, வலை தனி. இவ்விரண்டுக்கும் நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 'பெயரை நீங்கள் சொல்லுங்கள் ஐயா, எதை வாங்குவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தார்.

மடலின் கடைசியில் வேறொரு வரியும் இருந்தது. 'இரண்டாண்டுகளுக்கு முன் எனக்கு மலேரியா வந்தபோது என்னிடம் கொசுவலை இருந்தது ஐயா, பைக்குள் இருந்தது.'

பெயர் தேடத் தொடங்கிய நம்மை வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது அந்த வரிதான். படுக்கையும் வலையும் சேர்ந்திருக்க வேண்டுமா, பிரிந்திருக்க வேண்டுமா என்பது கடைக்காரரிடம் கேட்டு முடித்துக்கொள்ளும் சிறு கேள்வியாகத் தோன்றலாம். அதற்குப் பின்னால் ஆயிரமாண்டுகளின் அனுபவமும் எண்ணற்ற உயிர்களும் நிற்பதைப் படிக்கப் படிக்க உணர்ந்தோம். அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தூங்குதல் என்னும் சொல்

முதலில் பெயர். பழந்தமிழில் 'தூங்குதல்' என்றால் தொங்குதல், அசைதல் என்றே முதன்மையாகப் பொருள். வானில் தொங்கிய கோட்டை 'தூங்கெயில்' எனப்பட்டது. பனையோலை நுனியில் கூடு கட்டித் தொங்கவிடும் பறவை தூக்கணாங்குருவி ஆயிற்று. பின்னாளில் அதே சொல் உறக்கத்தைக் குறிக்கலாயிற்று. தொங்குதலையும் உறங்குதலையும் ஒரே சொல்லால் சொல்லும் மொழிக்கு ஹேமக் என்ற பொருள் அந்நியமாக இருக்க நியாயமில்லை. சேலையை உத்தரத்தில் கட்டித் தூளியாகவும் ஏணையாகவும் குழந்தையை உறங்கவைக்கும் சமூகம் நம்முடையது. ஆகவே இக்கட்டுரையில் ஹேமக்கைத் 'தூங்குமஞ்சம்' என்றே வழங்குவோம்.

ஆங்கிலத்தின் 'ஹேமக்', கரீபியத் தீவுகளின் டைனோ மக்களுடைய 'அமாக்கா' என்ற சொல்லிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. டச்சுக்காரர்கள் அந்நியச் சொல்லைத் தம் காதுக்கு ஏற்ப வளைத்து 'ஹாங்மாட்' என்றாக்கினர். அவர்கள் மொழியில் 'ஹாங்' என்றால் தொங்குதல்; 'மாட்' என்றால் பாய். தூங்குபாய்! போர்த்துகீசியர் வேறு வழியில் சென்றனர். 1500இல் பிரேசில் கரையை அடைந்த கப்பற்படையில் எழுத்தராக இருந்த பெரோ வாஸ் டி கமினா, தம் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், அங்குள்ள வீடுகளின் தூண்களுக்கிடையே கட்டியிருந்த படுக்கைகளை 'ரெடெ' என்றே குறித்தார். 'ரெடெ' என்றால் வலை. பிரேசிலில் இன்றும் தூங்குமஞ்சத்துக்கு அதுவே பெயர். நாம் கொசுவைத் தடுப்பதை வலை என்கிறோம். அவர்கள் படுப்பதையே வலை என்கிறார்கள்.

நைல் நதி மீனவரின் வலை

தனி வலையின் வரலாறு தூங்குமஞ்சத்தின் தாயகத்திலிருந்து வெகுதொலைவில், எகிப்தில், நமக்குக் கிட்டுகிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், தம் நூலின் இரண்டாம் பகுதியில் எகிப்தியர் கொசுவை எதிர்கொண்ட விதத்தை விவரிக்கிறார். மேட்டுப்பகுதி மக்கள் உயரமான கோபுரங்களில் ஏறி உறங்கினர். காற்று வீசும் உயரத்துக்குக் கொசு வராது. சதுப்புநிலத்து மக்களுக்குக் கோபுரம் இல்லை. அவர்கள் பகலில் மீன் பிடித்த வலையையே இரவில் படுக்கையைச் சுற்றிக் கட்டி, அதற்குள் புகுந்து உறங்கினராம்.

அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொரு செய்தி நம் கேள்விக்கு மிக முக்கியமானது. துணியைப் போர்த்திக்கொண்டு படுத்தால் கொசு துணியினூடே கடித்துவிடும். வலையினூடே கடிக்க முயல்வதுகூட இல்லை என்கிறார் அவர். மீன்வலையின் பெரிய கண்கள் கொசுவைத் தடுக்குமா என்ற ஐயம் ஒருபுறம் இருக்கட்டும். மெல்லிய துணி உடலோடு ஒட்டிக் கிடக்கும்போது அது கொசுவுக்குத் தடையே அல்ல என்ற கவனிப்பு மறுக்க முடியாதது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். இருபத்து நான்கு நூற்றாண்டுகள் கழித்து, நைலான் தூங்குமஞ்சத்தில் படுப்பவரின் முதுகில் இது மீண்டும் மெய்ப்படும்.

கிரேக்கத்தில் கொசுவுக்கு 'கோனோப்ஸ்' என்று பெயர். கொசுத்திரை கட்டிய கட்டில் 'கோனோபேயோன்' ஆயிற்று. இலத்தீன் வழியாக நகர்ந்த இச்சொல் ஆங்கிலத்தில் மேற்கட்டியைக் குறிக்கும் 'கேனோப்பி' ஆகவும், பிரெஞ்சில் சாய்வு இருக்கையைக் குறிக்கும் 'கானாப்பே' ஆகவும் நிலைத்தது. மூலச்சொல்லில் வலையும் கட்டிலும் சேர்ந்திருந்தன. ஆங்கிலம் மேலே இருந்த திரையை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு கீழே இருந்த இருக்கையை எடுத்துக்கொண்டது. சேர்ப்பதா பிரிப்பதா என்ற வழக்கு மொழிகளுக்குள்ளும் நடந்திருக்கிறது!

வலையற்ற மஞ்சமும் நெருப்பும்

1492இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் கண்ட தூங்குமஞ்சங்கள் பருத்தி நூலால் ஆனவை. அவற்றின் படத்தை ஐரோப்பியருக்கு அச்சில் காட்டியவர்களுள் முன்னோடி, ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேடோ. அவரது நூல் 1535இல் வெளியாயிற்று. பிரேசிலின் துப்பினம்பா மக்களிடம் சிறைப்பட்டு மீண்ட ஜெர்மானியர் ஹான்ஸ் ஸ்டாடன், 1557இல் அச்சான தம் நூலில், அம்மக்கள் இரவில் தூங்குமஞ்சத்தின் அருகே நெருப்பை அணையாது காத்ததைக் குறிப்பிடுகிறார். குளிருக்கு வெப்பம்; பூச்சிக்குப் புகை. நெருப்பே அவர்களின் கொசுவலை.

அது போதுமானதாகவும் இருந்திருக்கலாம். ஏனெனில் கொசு அன்று தொல்லையாக இருந்ததே ஒழிய, பின்னாளில் ஆனதுபோல் பெருங்கொலையாளியாக இருக்கவில்லை. மஞ்சள் காய்ச்சலும் கொடிய வகை மலேரியாவும் கடல் கடந்து, முதன்மையாக ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிவந்த கப்பல்களின் வழியே, அமெரிக்கக் கண்டத்துக்கு வந்து சேர்ந்தவை என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. 1640களின் இறுதியில் பார்படோஸ் தீவிலும் யுகத்தானிலும் மஞ்சள் காய்ச்சல் பெருங்கொள்ளை நோயாக வெடித்தது. தூங்குமஞ்சத்தை ஐரோப்பியர் எடுத்துச் சென்றனர். அதன் மேல் வலை கட்டவேண்டிய காரணத்தை அங்கே இறக்கிவிட்டுச் சென்றனர்.

1800இல் ஒரினோகோ நதியில் பயணம் செய்த அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டின் குறிப்புகளில் பூச்சிகளின் ஆட்சியைக் காணலாம். வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு இனங்கள் கடிக்க வருவதையும், ஒன்று விலக மற்றொன்று வருவது காவல் மாறுவதைப்போல் இருப்பதையும் அவர் எழுதுகிறார். அதூரெஸ் அருவிப் பகுதியில் பாதிரியார் சேயா, பனைமரத் தண்டுகளால் ஆன சாரத்தின்மேல் ஒரு சிற்றறை கட்டியிருந்தார். அங்கே ஏறினால்தான் மூச்சுவிட முடிந்தது, எழுத முடிந்தது. எகிப்தியரின் கோபுரம் ஒரினோகோவில் மீண்டும் எழுந்திருந்தது.

வலை மருந்தாகிய ஆண்டுகள்

கொசு நோயைப் பரப்புகிறது என்று தெரியாதவரை வலை ஒரு வசதிப் பொருள் மட்டுமே. இல்லாவிட்டால் உறக்கம் கெடும், அவ்வளவே. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு இத்தாலியில் கிராஸியும் அவர் தோழர்களும் அனாபிலிஸ் கொசுவே மனித மலேரியாவைப் பரப்புவதை நிறுவினர்.

1900இல் நடந்த சோதனை எளிமையானது, அழகானது. ரோம் நகரை அடுத்த ஓஸ்தியாவின் சதுப்புநிலம் மலேரியாவுக்குப் பேர்போனது. பாட்ரிக் மேன்சனின் ஏற்பாட்டில் சாம்போன், லோ என்னும் மருத்துவர்கள் அங்கே கம்பிவலை அடித்த ஒரு குடிலில் காய்ச்சல் காலம் முழுவதும் தங்கினர். பகலில் எங்கும் திரிந்தனர். அந்தி சாயுமுன் குடிலுக்குள் சென்று, விடிந்தபின்பே வெளிவந்தனர். அவர்களுக்கு மலேரியா வரவில்லை. சதுப்பின் காற்று நோய் தரும் என்ற நூற்றாண்டுகளின் நம்பிக்கை அந்தக் குடிலின் கம்பிவலையில் அறுந்தது. அந்தியில் வலைக்குள் இருப்பவர் பிழைப்பார் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

ஜிப்புக்குள் படைவீரன்

இந்த அறிவு தூங்குமஞ்சத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டது இரண்டாம் உலகப் போரின்போது. ஒரினோகோக் காடுகளில் எண்ணெய் நிறுவனம் ஒன்றுக்காக நிலவியல் ஆய்வு செய்திருந்த கிரெசன் கியர்னி என்பவர், அமெரிக்கப் படை அதிகாரியாகப் பனாமாவில் காட்டுப்போர்க் கருவிகளைச் சோதிக்கும் பொறுப்பேற்றார். அச்சோதனைகளில் இடம்பெற்றுப் பின்னர் படைக்கு வழங்கப்பட்ட 'காட்டுத் தூங்குமஞ்சத்தில்' மூன்றும் ஒன்றாயின: கீழே துணிப்படுக்கை, பக்கங்களில் கொசுவலை, மேலே மழைபுகாக் கூரை. உள்ளே நுழைந்து ஜிப்பை இழுத்தால் வீரன் ஒரு பைக்குள் பத்திரமாக இருப்பான்.

தேவை பெரிதாக இருந்தது. பசிபிக் தீவுகளில், குறிப்பாக 1942–43இல் குவாடல்கனாலில், குண்டடிபட்டு வீழ்ந்தோரைவிட மலேரியாவில் வீழ்ந்தோர் அதிகம். வடிவமைத்தவர்களின் கணக்கு தெளிவானது: களைத்த வீரன் தனி வலையைக் கட்டமாட்டான், கட்டினாலும் ஓரத்தைச் செருகமாட்டான், வழியில் சுமை என்று எறிந்தும் விடுவான். பிரிக்க முடியாததை எறிய முடியாது.

ஆனால் போர்க்களத்தில் கொசு மட்டுமா எதிரி? பீரங்கிச் சிதறல்களுக்கு அஞ்சித் தரையில் குழி தோண்டிப் படுக்க வேண்டிய இடத்தில், தரைக்கு மேலே தொங்குவதே ஆபத்து. இரவில் எதிரி நெருங்கிவிட்டால், ஜிப்பைத் தேடித் திறந்து வெளியேற நேரமிருக்காது. அவ்வாறு உள்ளேயே சிக்கி உயிரிழந்தோரும் உண்டு. கொசுவிடமிருந்து காத்த வலையே அவர்களை மீனாக்கியது.

தனி வலையைச் சுமந்தவர்கள்

எதிர்த்திசையில் ஒரு வரலாறு வியட்நாமில் இருக்கிறது. 1959 முதல் திறக்கப்பட்ட ஹோ சி மின் பாதையில் தெற்கு நோக்கி நடந்த வடவியட்நாமியப் படையினரின் மூட்டையில் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருந்தன: 'வோங்' எனும் தூங்குமஞ்சம், மழைக்கான நைலான் விரிப்பு, 'மான்' எனும் கொசுவலை. கூரை வேண்டாத இரவில் விரிப்பு தரையில் கிடக்கும். மரமில்லாத இடத்தில் வலை மட்டும் குச்சிகளில் ஏறும். தோழர் காயமுற்றால் தூங்குமஞ்சம் மூங்கிலில் கட்டிய டோலியாகும். தைக்கப்படாத பொருளுக்குத் தொழில்கள் பல.

ஆயினும் மலேரியா அவர்களையும் விடவில்லை. நோயின் கொடுமையால் வடவியட்நாம் சீனாவின் உதவியை நாடியது. 1967 மே 23 அன்று தொடங்கியதால் 'திட்டம் 523' எனப்பட்ட சீன ஆய்வுத்திட்டத்தின் விளைவே ஆர்ட்டெமிசினின் என்னும் மருந்து. அதற்காக தூ யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். நம் மாணவரை இரண்டாண்டுகளுக்கு முன் மீட்ட மாத்திரையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

போர் முடிந்தும் வியட்நாமியக் காட்டில் மலேரியா எஞ்சி நின்றது. மலைக்காட்டுப் பயிர்நிலங்களுக்குச் சென்று இரவு தங்கும் மக்களுக்கு வீட்டில் வலை இருந்தும் பயனில்லை; காட்டுக்கு அதைக் கொண்டுபோவதில்லை. ஆகவே 2000களில் நிந்துவான் மாநிலத்தில், நெடுநாள் நீடிக்கும் பூச்சிமருந்து ஊட்டிய வலையோடு கூடிய தூங்குமஞ்சங்கள் கொடுத்துச் சோதித்தனர். அவை பெற்ற பகுதிகளில் நோய் கூடுதலாகக் குறைந்தது. வெனிசுவேலாவின் யானோமாமி மக்களிடையே மருந்தூட்டிய தூங்குமஞ்ச வலைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2007இல் வெளியாயிற்று. கம்போடியாவிலும் காட்டுக்குச் செல்வோருக்கு இத்தகைய வலைகள் வழங்கப்பட்டன. ஏற்கெனவே எதில் உறங்குகிறார்களோ அதனோடு வலையை இணைப்பதுதான் இம்முயற்சிகளின் அடிப்படை.

எதைத் தேர்வது?

இன்றைய கடையில் நிற்கும் இளைஞருக்கு இந்த வரலாறு என்ன சொல்கிறது? நாம் பொறியியல் அறிந்தவரல்லர்; ஆனால் வரலாறு காட்டும் குறைநிறைகளை வரிசைப்படுத்த இயலும்.

சேர்த்துத் தைத்ததன் பெரிய சிறப்பு, மறக்க முடியாது என்பதே. மஞ்சத்தைக் கட்டினால் வலையும் வந்துவிடும். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஒரு கயிறு ஓடுவதால் வலை முகத்தில் படிவதில்லை. 1990களின் இறுதியில் புகழ்பெற்ற ஹென்னெசி மஞ்சத்தில் அடிப்புறப் பிளவு வழியே உள்ளே நுழைந்தால், உடலின் எடையே பிளவை மூடிவிடும். அடியில் வாசல் வைக்கும் இந்த உத்தியைத் தூக்கணாங்குருவி என்றோ அறிந்துவைத்திருக்கிறது!

அதன் குறை முதுகுப்புறம். தைத்த வலை மேலே மட்டுமே மூடுகிறது. கீழே உடல் அழுத்தும் ஒற்றை நைலான் துணிதான் இருக்கிறது. அதனூடே கொசு ஊசியை இறக்கிவிடும். ஹெரோடோட்டஸ் சொன்ன அதே துணி. இரட்டை அடித்துணி உள்ளதை வாங்கி, இரு துணிகளுக்கு நடுவே மெத்தை விரிப்பைச் செருகுவதும், அடித்துணிக்குப் பெர்மெத்ரின் மருந்தூட்டுவதும் இதற்கு மாற்று. மேலும், வலை கிழிந்தால் மஞ்சமே பழுதாகும். கொசுவில்லாக் குளிர்காலத்திலும் வலையைச் சுமக்கவேண்டும்.

தனி வலையில் மஞ்சம் முழுவதையும் உறைபோலச் சுற்றி மூடும் வகை உண்டு. அது முதுகையும் காக்கிறது. துணிக்கும் வலைக்கும் நடுவே இடைவெளி விடுகிறது. தனியே துவைக்கலாம், மருந்தூட்டலாம், கிழிந்தால் மாற்றலாம், தரையில் படுக்க நேர்ந்தாலும் பயன்படுத்தலாம். ஆனால் நுழைவாய்க் கயிற்றை இறுக்காவிட்டால் கொசு உள்ளே வந்துவிடும். அப்போது வலை கொசுவுக்கே கூடாரமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைப் பைக்குள் மறந்துவிடலாம்.

இரு வகைக்கும் பொதுவானவை சில. ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள கடிபூச்சிகள் திரியும் இடத்துக்குச் சாதாரணக் கொசுவலை போதாது. கண் நெருங்கிய வலை வேண்டும், காற்று சற்றுக் குறையும். பெர்மெத்ரின் ஊட்டிய துணியை ஓடையில் அலசக்கூடாது. மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் அது நஞ்சு. தவளை ஆய்வாளருக்கு இதை நாம் சொல்லவேண்டியதில்லை. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவுக்கு இரவு வலை விடையாகாது. படுக்குமுன், இருட்டில் ஒருமுறை உள்ளிருந்து திறந்து வெளியேறிப் பழகவேண்டும். பசிபிக் தீவுகளின் பாடம் அது.

மாணவருக்கு எழுதிய விடை

பெயர்களை அனுப்பிவிட்டோம். வலை சேர்த்துத் தைத்தது 'கூட்டுமஞ்சம்'. கூடு போன்றது, கூட்டித் தைத்தது என இரு பொருளும் அதில் பொருந்தும். தனியே சுற்றிக் கட்டுவது 'சுற்றுவலை'. நண்பர்களுக்கு இதைவிடச் சிறந்த சொற்கள் தோன்றினால் தெரிவிக்கலாம், அவரிடம் சேர்ப்பிப்போம்.

பெயரோடு நிறுத்துமாறு அவர் கேட்டிருந்தும், ஆசிரியத் தொழிலின் வழக்கப்படி கேளாத ஒன்றையும் எழுதினோம். 'தம்பி, பழகியவருக்குச் சுற்றுவலையே சிறந்தது. முழு உடலையும் காப்பது அதுதான். ஆனால் உங்கள் கையேடு புதியவர்களுக்கானது. முதல் நாள் நடையில் கால் ஓய்ந்து, பசித்து, அந்தியில் முகாமை அடைபவர் எதைச் செய்வார் என்பதை வைத்தே அவருக்குரியதைத் தேர்ந்தெடுங்கள். அவருக்கு இரட்டை அடித்துணி வைத்த கூட்டுமஞ்சத்தைக் கொடுங்கள். இரண்டாம் ஆண்டில் அவரே சுற்றுவலைக்கு மாறட்டும். எதுவாயினும், சோற்றுக்கு உலை வைக்குமுன் வலை கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று கையேட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள்.'

மூன்றாம் நாள் பதில் வந்தது. முதல் பக்கத்தில் அந்த விதியைச் சேர்த்துவிட்டாராம். அதற்குக் கீழே, பெயர் குறிப்பிடாமல், பைக்குள் வலை வைத்திருந்த ஒருவரின் கதையையும் எழுதியிருக்கிறாராம்.